போன மாதம் கண்ட குழி

“மூணு கதிரை, ஒரு ஆள். மத்த ரெண்டு கதிரையும் லீவு போட்டிருக்கு போல, மிஸ்” என்று கந்தோர் வாசலில் வைத்து றொபி காதோரமாகச் சொன்னான்.

ஷஃபீனா சிரிக்கவில்லை. சிரிக்கிற நாளா இது? நாளை காலை ஒன்பது மணிக்கு முபாரிஸை நீதவான் முன்னால் நிறுத்தப்போகிறார்கள். அதற்குள் அந்த மனுசனைக் காப்பாற்ற ஒரு துண்டுக் கடதாசியாவது கையில் சிக்க வேண்டும். நான்கு நாளாகப் புத்தளம் முழுக்க அலைந்ததில் கிடைத்தது றொபியின் பகிடிகள் மட்டும்தான்.

விஷயம் இதுதான். முபாரிஸ் இந்தக் குழி அனுமதிக் கந்தோரின் கள உத்தியோகத்தன். மாவட்டத்தில் கிரவல், மணல், கல் என்று எவன் எங்கே தோண்டினாலும் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது அவன் வேலை. செப்டம்பரில் அவன் கையெழுத்திட்ட ஓர் அறிக்கை, கல்பிட்டிப் பக்கத்துக் கண்டக்குழி என்ற ஊரில் இருக்கிற மணல் குழி மூடப்பட்டுவிட்டது என்று கொழும்புக்குச் சொன்னது. குழியோ திறந்தபடியே கிடந்தது. கண்டக்குழிச் சனங்கள் இரண்டு முறை பெட்டிசம் போட்டார்கள். இரண்டு முறையும் ‘அக்குழி ஏற்கெனவே மூடப்பட்டது’ என்று ஒரே பதில். நவம்பர் மழையில் குழி நிரம்பி, பாதை எது குழி எது என்று தெரியாத ஒரு விடியற்காலையில், கடலுக்குப் புறப்பட்ட அஃப்ராஸ் என்ற இருபத்துநாலு வயது மீனவன் மோட்டார் சைக்கிளோடு அதற்குள் போய் மவுத்தாகிவிட்டான். தோண்டின முதலாளி நெஞ்சுவலி என்று கொழும்பில் போய்ப் படுத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்ட முபாரிஸ் பதினாறு நாளாக ரிமாண்டில் கிடக்கிறான். கேட்பவர்களுக்கெல்லாம் அவன் சொல்வது ஒன்றே ஒன்று: “கையெழுத்து என்டதான்.”

அவனுடைய மனைவி றிஃப்னா மாதம்பைப் பக்கத்துப் பிள்ளை. ஷஃபீனாவைத் தேடி வந்து, அக்கா முறை வைத்து, அழுதழுது சொன்னாள்: “இவரு பொய் எழுதுற ஆளில்ல, ராத்தா. ஆரோ வேற குழியக் காட்டி ஏமாத்தியிரிக்காங்க. அது ஆரெண்டு கண்டுபிடிச்சுத் தாங்க.”

ஷஃபீனா ஒரு காலத்தில் காப்புறுதிக் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள். இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில், சொந்தமாக விசாரணை செய்கிறாள். றொபி அவளுடைய த்ரீவீல் சாரதியும் உதவியாளனும். முந்தல் பக்கத்துக் கத்தோலிக்கன். சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்குக் கதைக்க வரும், எழுத்து ஓடாது.

கந்தோரில் எஞ்சியிருந்த ஒரே ஆள் பொறுப்பதிகாரி அஸ்மின். மனுசன் பார்க்கவே பாவமாக இருந்தார்.

“நூத்தி அறுபத்தெட்டு அனுமதி, மிஸ். பாக்குறத்துக்கு மூணு உத்தியோகத்தர் இருக்கணும். இருந்தது முபாரிஸ் மட்டும்தான். இப்ப அவரும் இல்ல.”

“அப்ப இப்ப குழியெல்லாத்தையும் ஆரு பாக்குற?”

“அல்லாஹ்தான்.”

ஷஃபீனா அறிக்கையின் போட்டோ கொப்பியை மேசையில் வைத்தாள். முழுதும் சிங்களம், டைப் அடித்தது. “இத எழுதின ஆரு?”

“அவருதான் தந்தாரு. சிங்களத்துல வந்தாத்தான் கொழும்புல எடுப்பாங்க.”

றொபி குறுக்கே விழுந்தான். “முபாரிஸ் நானாவா? சும்மா இருங்க சேர்! அவருக்குச் சிங்களத்துல தெரிஞ்சது ‘ஹரி ஹரி’ எண்டு தலையாட்ட மட்டும்தான். ஒருக்கா என்னோட சிலாபம் சந்தைக்கு வந்து, கத்தரிக்காய் கேக்கப்போய்க் கருவாடு வாங்கிட்டு வந்த மனுசன். தொண்ணூறுல மன்னார்ல இருந்து கைக்குழந்தையா வந்து, இங்க தமிழ்ல படிச்சவரு.”

அஸ்மின் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மொழிபெயர்ப்பாளர் வேலை நாலு வருஷமா வெற்றிடம். கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சிட்டு. ஒவ்வொருத்தரும் எப்பிடியாவது சிங்களத்துல செய்வித்துக் கொண்டுவந்து தருவாங்க. ஆருகிட்ட எண்டு நான் கேக்குறதில்ல. கேட்டா அறிக்கையே வராது. வெளியாளுக்குக் கந்தோர்க் கடதாசியக் காட்டுறதும் குற்றம்தானே?”

“அவர்ட கள டயரி தமிழ்ல இருக்குமே?”

“துலைஞ்சிட்டு எண்டாரு. பொலிஸ் வாறத்துக்கு முதல் நாள்தான் துலைஞ்சிச்சாம்.” அஸ்மின் குரலைத் தாழ்த்தினார். “முந்தல்ல லத்தீப் நானாட கொமியுனிகேஷன் கடையிலதான் டைப் அடிப்பாரு. நான் செல்லல்ல, நீங்க கேக்கவுமில்ல.”

வெளியே வந்ததும் றொபி ஸ்டார்ட் பண்ணினான். “பதினாறு நாள் ரிமாண்ட். டயரி மட்டும் ஒரு நாள் முந்தியே தப்பிச்சிட்டு. நல்ல புத்தியுள்ள டயரி, மிஸ்.”

“துலைஞ்சது இல்ல றொபி. துலைச்சது. தன்னக் காப்பாத்தக்கூடிய சாமான ஒரு மனுசன் ஏன் துலைக்கிற?”

றொபி த்ரீவீலை முந்தலுக்கு விட்டான்.

லத்தீப் நானாவின் கடை ஒரு போட்டோ கொப்பி மெஷின், ஒரு கம்பியூட்டர், மூன்று அட்டைப்பெட்டி. கடதாசி விலை ஏறின நாளிலிருந்து அவர் ஒரு துண்டைக்கூட எறிவதில்லை. அடித்து முடிந்த கையெழுத்துப் பிரதியையெல்லாம் பெட்டிக்குள் போட்டு வைத்து, பின்பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பழைய பரீட்சை வினாத்தாள் அடித்துக் கொடுப்பார்.

“முபாரிஸ் தம்பி நல்ல புள்ள” என்றார். “சிங்களத்துல எழுதின தாளக் கொண்டுவருவாரு, அப்பிடியே அடிச்சுக் குடுப்பேன். அவரு வாசிக்க மாட்டாரு. எங்க சைன் வைக்கணுமெண்டு மட்டும் கேப்பாரு.”

“எழுதினது ஆருட கையெழுத்து, நானா?”

“எனக்கென்ன தெரியும்? அச்சுமாதிரி எழுத்து. பொடியனுகள்ட எழுத்து அப்பிடி வராது.”

றொபி முதலாவது பெட்டியைக் கவிழ்த்தான், தும்மினான். இரண்டாவதைக் கவிழ்த்தான், இரண்டு தரம் தும்மினான். “மூணாவதுல ஆள் முடிஞ்சிரும், மிஸ். பெண்டாட்டிக்கிட்ட நான் நல்லவன் எண்டு சொல்லுங்க.”

மூன்றாவதில்தான் கிடைத்தது. செப்டம்பர் மாதத்துச் சிங்களத் தாள். அதற்குப் பின்னால் குண்டூசியால் குத்தி, டயரியின் கார்பன் பிரதி, தமிழில். முபாரிஸின் எழுத்து. டயரியைத் துலைத்தவன் இதை மறந்துவிட்டான்.

“நீ சிங்களத்த வாசி. நான் தமிழப் பாக்குறேன்.”

றொபி வாசித்தான். “முந்தல்ல ரெண்டு இடம் பார்த்தேன். அனுமதி சரி. போன மாசம் கண்டகுளிய குழி மூடப்பட்டது. மண் சமப்படுத்தப்பட்டிருக்கு.”

ஷஃபீனாவின் கண் தமிழ்த் தாளில் ஓடியது. *முந்தல் – 2 இடம் பார்த்தேன். அனுமதி சரி. போன மாதம் கண்டகுழி மூடப்பட்டுள்ளது. மண் சமப்படுத்தப்பட்டுள்ளது.*

ஒன்றுதான். வித்தியாசமே இல்லை. அப்போ மனுசன் உண்மையிலேயே பொய்தான் எழுதினானா? அவளுக்குச் சீ என்று போய்விட்டது. நாலு நாள் அலைச்சல், அந்தப் பிள்ளையின் அழுகை, எல்லாம் இதற்குத்தானா?

தாளை மடிக்கப் போனவள் நின்றாள். திரும்ப விரித்தாள்.

“றொபி, முந்தலப் பத்தி எழுதிக்கிட்டு வாற மனுசன், நடுவுல திடீரெண்டு கண்டக்குழிக்கு ஏன் பாயிறாரு? ரெண்டும் ரெண்டு மூலை.”

“பெற்றோல் அலவன்ஸ் கூட எடுக்க இருக்கும்.”

“கண்டக்குழி எண்டு தமிழ்ல எப்பிடி எழுதுற?”

“கண்டக்குழி எண்டுதான்.”

“நடுவுல ஒரு ‘க்’ வரும்தானே? இங்க இல்ல. கல்பிட்டிப் பக்கம் வருஷக்கணக்காச் சுத்துற உத்தியோகத்தன் அந்த ஊர்ப் பேரப் பிழையா எழுதுவானா?” அவள் விரல் அந்தச் சொல்லில் நின்றது. “சிங்களத்துல அந்த ஊருக்குப் பேர் என்ன?”

“கண்டகுளிய. ‘க்’ இல்ல.” சொல்லிவிட்டு றொபி வாயைப் பிளந்தான்.

“இது ஊர் இல்ல, றொபி. கண்ட குழி. போன மாசம் அவரு கண்ட குழி. முந்தல்ல போன மாசம் பார்த்த குழி இப்ப மூடியிருக்கு எண்டு எழுதியிருக்காரு. ரெண்டு சொல்ல ஒட்டி எழுதிட்டாரு, மொழிபெயர்த்த ஆள் அத ஊர்ப் பேர் எண்டு எடுத்திட்டு. அவ்வளவுதான்.”

“மாதாவே! அப்ப இல்லாத ஒரு ‘க்’குக்காகவா ஒரு மனுசன் பதினாறு நாளா உள்ள இருக்கிறாரு?”

அதே ‘க்’குக்காகத்தான் இன்னொருவன் மண்ணுக்குள்ளும் இருக்கிறான் என்று ஷஃபீனாவுக்குத் தோன்றியது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முந்தல் குழி உண்மையிலேயே மூடப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் அவள் ஷஃபீனா இல்லையே. லத்தீப் நானா வழி சொன்னார். இறால் பண்ணைகளைத் தாண்டி, தென்னந்தோட்டத்துக்குப் பின்னால் இருந்தது இடம். குழி இருந்த தடமே தெரியாமல் மண் நிரவி, தென்னங்கன்று நட்டிருந்தார்கள். ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த அலீமா என்ற பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தக் கந்தோர்த் தம்பியா? ரெண்டு தரம் வந்தாரு. மொத தரம் வந்து முதலாளிக்கிட்டச் சத்தம் போட்டாரு, மூடு எண்டு. ரெண்டாந்தரம் வந்து சப்பாத்துக் காலால மண்ண மிதிச்சு மிதிச்சுப் பாத்தாரு, மேல மட்டும் போட்டு ஏமாத்தியிரிக்காங்களோ எண்டு. நான் சிரிச்சுட்டேன்.”

“அந்த முதலாளி ஒண்ணும் செய்யல்லயா?”

“என்ன செய்ற? கணக்கா வேல செய்ற ஆளு கிட்ட என்ன செய்ற?”

றொபி தென்னங்கன்று ஒன்றைத் தொட்டுக் கும்பிடாத குறை. “சொல்லுக் கேட்டு மூடுன குழிய நான் இண்டைக்குத்தான் முதமுதலாப் பாக்குறேன், மிஸ். போட்டோ எடுங்க. நாளைக்கு நம்மட ஆள் வெளிய!”

ஷஃபீனாவுக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. முபாரிஸின் சட்டத்தரணி றஸ்மிக்கு உடனே அழைத்தாள். இவள் வாயைத் திறப்பதற்கு முதலே அவர் பொரிந்தார்.

“நல்ல நேரம் எடுத்தீங்க. உங்கட ஆளுக்கு மூளை கலங்கிட்டு. நாளைக்குக் குற்றத்த ஒத்துக்கப் போறாராம். விசாரணை ஒண்ணும் வேணாமாம், ஒருத்தரையும் கூப்பிட வேணாமாம். மூணு மணி வரைக்கும் தலையால தண்ணி குடிச்சுப் பார்த்தேன். கேக்குறாரில்ல.”

“என்னட்டச் சாட்சி இருக்கு! அவரு எழுதினது சரி. மொழிபெயர்த்த ஆள்தான் பிழையா எழுதியிருக்கு.”

“அப்ப அந்த ஆளக் கொண்டுவாங்க. ஆள் இல்லாம வெறும் கார்பன் தாள வச்சு நான் என்ன செய்ய? ‘என்ட எழுத்து இல்ல’ எண்டு அவரே சொல்லிட்டா முடிஞ்சிச்சு.”

ரிமாண்டில் பார்வை நேரம் மூன்று மணியோடு சரி. இப்போது மணி மூன்றே முக்கால்.

புத்தளம் வீதியில் த்ரீவீல் திரும்பிப் பறந்தது. ஷஃபீனா பின்சீட்டில் இருந்து, பெட்டியில் எடுத்த மற்றச் சிங்களத் தாள்களையும் புரட்டினாள். எழுத்துத்தான் தெரியாது, இலக்கம் தெரியுமே. ஒவ்வொரு தாளின் தலையிலும் திகதி. ஃபோனில் நாள்காட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, றொபி. ஒரு கிழமையும் தவறல்ல. ஞாயிற்றுக்கிழமைல எந்த மொழிபெயர்ப்பாளன் வேல செய்றான்?”

“நல்ல கேள்வி கேட்டீங்க. ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லாம, சம்பளம் கேக்காம, ஆருக்கும் சொல்லாம நமக்கு வேல செஞ்சு தாற ஒரே ஆளு உலகத்துல நம்மட பெண்—”

அவன் முடிக்கவில்லை. த்ரீவீல் தானாகவே ஓரத்துக்கு இறங்கி நின்றது.

“மாதம்பைப் புள்ள” என்றாள் ஷஃபீனா, மெதுவாக.

“அந்தப் பக்கம் முஸ்லிம் பிள்ளைகள் நிறையப் பேர் சிங்கள மீடியம், மிஸ்.” றொபி திரும்பிப் பார்க்காமலே சொன்னான். “தமிழ் வீட்டுல கதைக்கிறதோட சரி.”

டயரி ஏன் துலைந்தது என்பதும், மனுசன் ஏன் ஒருத்தரையும் கூப்பிட வேண்டாம் என்கிறான் என்பதும் இப்போது விளங்கியது. பிழை றிஃப்னாவுடையது என்று அவன் எப்போதோ கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்து, விழுங்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கிறான். காப்புறுதிக் கம்பெனியில் இருந்த காலத்தில் எல்லா வழக்கின் கடைசியிலும் ஒரு பொய்க்காரன் இருப்பான். அவனைப் பிடித்தால் வேலை முடிந்தது. இதில் பொய்க்காரனே இல்லை. “பாலாவிக்கு விடு” என்றாள் ஷஃபீனா.

பாலாவிப் பக்கத்தில் இருந்தது முபாரிஸின் வீடு. றிஃப்னா கதவைத் திறந்ததுமே இவர்கள் முகத்தைத்தான் பார்த்தாள்.

“என்ன ராத்தா? ஏதாச்சும் கெடச்சிச்சா?”

ஷஃபீனா கதிரையில் இருந்தாள். தமிழ்த் தாளை மட்டும் எடுத்து நீட்டினாள். “இத ஒருக்கா வாசிங்க, தங்கச்சி.”

றிஃப்னா விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். “முந்தல்... ரெண்டு இடம்... பார்த்தேன். அனுமதி... சரி. போன மாதம்... கண்டக்குழி... மூடப்பட்டுள்ளது.” விரல் அங்கேயே நின்றது. கண் நிரம்பிவிட்டது. “அப்ப இவருதான் எழுதியிரிக்காரு. ஒண்டும் இல்லாம இரிக்கணுமெண்டு எத்தின துஆ கேட்டேன். எங்க ராத்தா கெடச்ச இது?”

இப்போதும் அவள் அதைப் பிழையாகத்தான் வாசித்தாள். இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி விடுவது?

“தங்கச்சி, நேத்து நான் ஒரு ஆள எங்கயோ கண்டேன். இண்டைக்கு அந்த ஆளப் பத்திச் செல்லணும். எப்பிடிச் செல்ற?”

“நேத்து கண்ட ஆளு எண்டு.”

“ஒரு வீட்டக் கண்டா?”

“கண்ட வீடு.” றிஃப்னா விளங்காமல் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தாள். உதடு அசைந்தது. “கண்ட... குழி.”

அவள் அப்படியே சீமெந்துத் தரையில் குந்திவிட்டாள்.

“நான்தான் ராத்தா எழுதின. ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் எழுதிக் குடுக்குற. ஒருத்தருக்கும் செல்லிராத, வேல போயிரும் எண்டு செல்வாரு. ரிமாண்டுல பாக்கப் போன நேரமும் அதத்தான் சென்னாரு. நான் வேலைக்காகத்தான் செல்றாரு எண்டு நெனச்சேன்.” மூச்சு வாங்கினாள். “அந்தப் புள்ள அஃப்ராஸ்ட உம்மாவும் சேந்து பெட்டிசம் போட்டாங்களே. மூடியாச்சு எண்டு பதில் போனதும் என்ட எழுத்தாலதானா? அந்தப் புள்ள மவுத்தானது என்னாலயா, ராத்தா?”

“தோண்டினது நீங்க இல்ல. ரெண்டு பெட்டிசம் வந்த நேரம் ஆராவது ஒரு ஆள் நேர போய்ப் பாத்திருந்தா...” ஷஃபீனா பாதியில் நிறுத்தினாள். போய்ப் பார்க்க வேண்டிய அந்த ஒரு ஆளும் முபாரிஸ்தான். நூற்று அறுபத்தெட்டில் மூடியாச்சு என்று எழுதப்பட்ட குழிக்கு அவனை யார் அனுப்பப்போகிறார்கள்?

“செல்லுங்க. நான் இப்ப என்ன செய்ற?”

“உள்ளதச் செல்றேன். இந்தத் தாளக் குடுத்தா, அவரு பொய் எழுதல்ல எண்டு தெரியவரும். ஆனா ஆரு மொழிபெயர்த்த எண்டு கேப்பாங்க. உங்களக் கூப்பிடுவாங்க. வெளியாளுக்குக் கடதாசி குடுத்தத்துக்கு அவர்ட வேலயும் போகும். குடுக்காட்டி, நாளைக்கு அவரு ஒத்துக்கிட்டு உள்ள போயிருவாரு. எது செய்யணுமெண்டு நான் செல்ல மாட்டேன், தங்கச்சி.”

“அவருக்கிட்டக் கேக்கலாமா?”

“நேரம் முடிஞ்சிட்டு. நாளைக்குக் குற்றவாளிக் கூட்டில ஏறுற வரைக்கும் கதைக்கேலாது.”

“அவரு ஒத்துக்க வாயத் தொறக்குற நேரம் நான் எழும்பிக் கத்தினா?”

“வெளிய போட்டுருவாங்க” என்றான் றொபி. பகிடி இல்லை, உண்மையைத்தான் சொன்னான்.

றிஃப்னா எழுந்து, முகம் கழுவி, அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துவந்து மேசையில் இருந்தாள். நிற்காமல் எழுதினாள். வலமும் இடமும் பார்க்கவில்லை. அந்த எழுத்தில் மட்டும் அவளுக்குத் தடங்கலே இல்லை.

ஷஃபீனா வெளியே போய் றஸ்மிக்கு அழைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “கொண்டுவாங்க, குடுத்துப் பாக்கலாம்” என்றார் அவர். “நீதவான் எடுப்பாரா எண்டு சொல்லேலாது. பெண்டாட்டி புருசனக் காப்பாத்த எழுதினது எண்டு தள்ளவும் தள்ளலாம்.”

அவள் உள்ளே திரும்பியபோது றிஃப்னா தாளை றொபியிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். “சத்தமா வாசிங்க, றொபி அண்ணன். ராத்தாவுக்கு விளங்கணும்.”

றொபி சிங்களத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

“‘என் கணவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. எனக்குத் தமிழ் சரியாக வாசிக்கத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினோம். அவர் குழியைப் பற்றி எழுதினார். நான் அதை ஊர் என்று எழுதினேன். அவர் ஒத்துக்கொள்ளப்போகும் குற்றம் அவருடையது அல்ல. இது நான் எழுதுவது. வேறு ஒருவரும் எழுதித் தரவில்லை.’”

றிஃப்னா பேனையை இன்னும் கையில் வைத்திருந்தாள்.

“எங்கயாச்சும் பிழை இரிக்கா பாருங்க, அண்ணன். இந்தத் தரம் பிழை வரக்கூடாது.”

றொபி தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மேலிருந்து கீழ் வரை, ஒவ்வொரு எழுத்தாக, இன்னொரு தரம் வாசித்தான்.

“ஒரு பிழையும் இல்ல, தங்கச்சி” என்றான்.

அவள் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.